சுவர் தாண்டிய புகை

அத்தியாயம் பதினான்கு

வலது தோளில் ஆரம்பித்த வலி முழங்கை வழியாக இறங்கிக் கட்டைவிரலில் வந்து உட்கார்ந்திருந்தது. கொழுந்தைக் கிள்ள விரல்கள் மூடின, திறக்க மறுத்தன. ஜீவராணி இடது கையால் அவற்றைப் பிரித்துவிட்டு மறுபடியும் கிள்ளினாள். கூடைக் கயிறு நெற்றியை அறுத்தது. காலையில் பேர் பதியப் பெரட்டுக்கு வந்தபோதே இருந்த வலிதான். வேலைச் சூட்டில் அடங்கிவிடும் என்று நினைத்தாள். அடங்கவில்லை.

தூக்கம் இல்லாத உடம்பு. கொஞ்ச நாட்களாக அவள் சுவர்ப் பக்கமாகவே ஒருக்களித்துப் படுக்கிறாள், இதே தோளை அழுத்திக்கொண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் மகள் சிரிக்கும் சத்தம் கேட்கிறதா என்று காத்திருக்கிறாள். கேட்டால் வயிறு எரிகிறது. கேட்காவிட்டால் இன்னும் அதிகமாக எரிகிறது.

அந்தப் பக்கம் இருப்பது அவள் கொழுந்தன் மதுரனின் காம்பரா, இதே மாதிரி ஓர் அறை வீடு. மதுரனுக்குக் கொழும்பில் புடவைக் கடையில் வேலை. அவன் மனைவி பிரேமினி இங்கே தனியாக இருக்கிறாள். கல்யாணமாகி வருஷங்கள் ஆகிவிட்டன, இன்னும் பிள்ளை இல்லை. ஜீவராணியின் ஒரே மகள் சர்மிளா போன வாரம் தலையணையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் படுக்கப் போய்விட்டாள். தோட்டத்து வரிசை வீடுகள் சேர்ந்த அந்த லயத்தில் அது தெரியாத ஆள் இல்லை.

"என்னா ராணி, ஒம் மக பக்கத்து வீட்டுக்கு வாடகைக்குப் போயிட்டாளாமே" என்றாள் அடுத்த நிரையில் கொழுந்து பறித்த வேலாயி. "அட்வான்ஸ் வாங்கிட்டியா?"

நிரை முழுக்கச் சிரித்தது. ஜீவராணியும் சிரித்து வைத்தாள். சிரிக்காவிட்டால் நாளைக்கும் அதையே சொல்வார்கள்.

பத்து மணித் தேத்தண்ணிக்குப் பிறகு கங்காணியிடம் போய்க் கை முடியவில்லை என்றாள். அரைப்பேர்தான் விழும், பரவாயில்லையா என்று கேட்டார். அரை நாள் சம்பளம் போனால் போகட்டும் என்று இறங்கி நடந்தாள். வலி உண்மைதான். ஆனால் வலி மட்டும் அல்ல. இன்றைக்குப் பிரேமினி வீட்டில் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

மூட்டைப்பூச்சி வந்தது கட்டிலோடு. பிரேமினி வீட்டில் மதுரன் புதுக் கட்டில் வாங்கிப் போட்ட மாதமே, ஜீவராணி ஹட்டனில் பழைய சாமான் விற்கும் இடத்தில் ஒரு மரக்கட்டிலைப் பிடித்தாள். சர்மிளா சாதாரணதரப் பரீட்சை எழுதுகிற பிள்ளை, தரையில் படுக்கக் கூடாது என்று ஊருக்குச் சொன்னாள். உண்மையான காரணம் அது இல்லை. சர்மிளா சித்தியின் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பாடம் படித்ததை ஒரு சாயங்காலம் அவள் பார்த்திருந்தாள்.

கட்டில் வந்து இரண்டு வாரத்தில் சர்மிளாவின் கையெல்லாம் தடிப்பு. புருஷன் அழகுமுத்து கடையிலிருந்து ஒரு மருந்து டின் வாங்கி வந்து அடித்தார். மூட்டை கொஞ்சம் செத்தது. ஆனால் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உள்ள பிள்ளை. நெஞ்சு அடைத்து உதடு நீலம் பாரித்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாகிவிட்டது. இந்த வீட்டுக்குள் விஷ மருந்து எதுவும் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொசுவர்த்தி கூட ஆகாது.

பிறகு ஒருநாள் வகுப்பில் ஒரு பிள்ளை சர்மிளாவின் கையைப் பார்த்துவிட்டு இது என்ன தோல் வியாதியா என்று கேட்டிருக்கிறது. பக்கத்து வாங்கில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்துவிட்டாளாம். அன்று வந்து தலையணையை எடுத்தவள்தான்.

"சித்தி வீட்டுல கடிக்கிறதில்லம்மா. நான் படிக்கணும்ல."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ஜீவராணி தாங்கியிருப்பாள்.

பிரேமினி வீட்டில் கடிக்காமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் கந்தப்பளையில் மரக்கறித் தோட்டத்தில் வளர்ந்தவள். போஞ்சி என்கிற பீன்ஸ் கொடியில் வேலை செய்தால் இலை சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கொக்கி மாதிரி முள் இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் அவள் கொல்லைப் பக்கத் தோட்டத்திலிருந்து பச்சைப் போஞ்சி இலையைப் பறித்து வந்து, கட்டிலைச் சுற்றித் தரையில் அடிப்பக்கம் மேலே தெரியப் பரப்புவாள். இரவில் ஊர்ந்து வருகிற மூட்டையின் கால் அதில் மாட்டிக்கொள்ளும். விடிந்ததும் இலையைக் கூட்டி அள்ளி அடுப்பில் போடுவாள். கட்டில் கால் நான்கும் தண்ணீர் ஊற்றிய டின்னில் நிற்கும். பொருத்துகளில் கொதிநீர், மேலே வசம்புத் தூள். போர்வையும் உறையும் வாரம் ஒருமுறை அண்டாவில் வேகும். வேறு வித்தை எதுவும் இல்லை. தினம் செய்ய வேண்டும், அவ்வளவே. மலைக்குப் போய் வந்து உட்காரவே முடியாத ஒருத்திக்கு அந்தத் தினம்தான் பெரிய பாடு என்று ஜீவராணி நினைத்தாள். வேலைக்குப் போகாதவளுக்கு என்ன, இலையும் பரப்பலாம், கோலமும் போடலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பிரேமினி வாசலுக்கே வந்தாள்.

"அக்கா, ரெண்டு வீட்டுலயும் ஒரே நாள்ல செய்யணுங்க. நடுச் சொவரு கூரை வரைக்கும் போகலல்ல, ஒரு பக்கம் வெரட்டுனா மத்தப் பக்கத்துக்கு ஓடிரும். நான் வந்து ஒங்க கட்டிலையும் கழட்டிக் கழுவித் தர்றேன்."

ஜீவராணியின் காதில் விழுந்தது 'ஒங்க கட்டில்' என்ற சொல் மட்டும்தான். தன் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தனக்குத் தெரியும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

இன்றைக்குச் சனிக்கிழமை. சர்மிளா கொட்டகலைக்குக் கிளாஸுக்குப் போயிருந்தாள். மதுரன் வருகிறான் என்று பிரேமினியும் கொட்டகலை ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள். திரும்பும்போது மூன்று பேரும் ஒன்றாக வருவார்கள். கடையில் நின்று ரோல்ஸ் தின்பார்கள். எதையாவது சொல்லிச் சிரித்துக்கொண்டு லயத்துக்கு ஏறி வருவார்கள். பார்க்கிறவர்களுக்கு அப்பா அம்மா பிள்ளை என்றே தோன்றும். படி ஏறும்போது ஜீவராணி அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள், இன்னும் நடக்காத ஒன்றை.

கூடையை இறக்கியதும் வேலையில் இறங்கினாள். மானாப்புல்லும் யூகலிப்டஸ் இலையும் அறுத்துக் கொல்லைப் பக்கம் நேற்றே காயப் போட்டிருந்தாள். கடையில் வாங்கிய வசம்பை அம்மியில் தட்டினாள். பழைய மண்சட்டியில் அடுப்புக் கரியை அள்ளிப் போட்டு, மேலே எல்லாவற்றையும் தூவிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். ஜன்னலைச் சாத்தி, கதவு இடுக்கில் திணிக்க ஈரச் சாக்கை எடுத்து வைத்தாள். சர்மிளா வருவதற்குள் எல்லாம் திறந்துவிட்டால் வாடை போய்விடும், இழுப்பு வராது. அதை யோசித்திருந்தாள்.

சுவரை நிமிர்ந்து பார்த்தாள். கதவு உயரத்துக்குச் சற்று மேலே சுவர் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் கறுத்த மரம், தகரம், நடுவில் ஆள் நுழைகிற இடைவெளி. இந்தப் பக்கம் மீன் பொரித்தால் அந்தப் பக்கம் வாசம் வரும். பிரேமினி சொன்னது ஞாபகம் வந்தது.

ஞாபகம் வந்த பிறகுதான் அவள் குனிந்து கரியை ஊதினாள்.

புகை கட்டிலைச் சுற்றிச் சுருண்டது. சட்டங்களின் பொருத்துகளிலிருந்து மூட்டைகள் வெளியே வந்ததைக் கதவை மூடுவதற்கு முன் பார்த்தாள். தவிட்டு நிறத்தில், பெரியதும் சின்னதுமாக, சுவரைப் பிடித்து மேலே ஏறின. கதவு இடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டு, வெளியே படியில் உட்கார்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். பிரேமினியின் பக்கத்துக் கூரை இடுக்கிலிருந்து மெல்லியதாகப் புகை கசிந்தது. இருமல் சத்தம் இல்லை. ஆள்தான் இல்லையே.

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை முடித்து அழகுமுத்து வந்தபோது எல்லாம் திறந்து கிடந்தது. அவர் கட்டிலைப் புரட்டிப் பார்த்தார். மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. தரையைப் பார்த்தார். அதுவும் சுத்தம்.

"செத்திருந்தா தரையில கெடக்கணுமே. எங்க போச்சு எல்லாம்?"

ஜீவராணி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவர் சுவரின் மேல் விளிம்பைப் பார்த்தார், புதுக்கரி படிந்திருந்த இடத்தை.

"பிரேமினிக்கிட்டச் சொல்லிரு. வந்தவொடனே சொல்லு. அவ ஏதாச்சும் செஞ்சுக்குவா."

"சொல்றேன்."

"சண்டை போடுறதுக்கு இல்ல. சொல்லிருன்னு சொல்றேன்."

"சொல்றேன்னேன்ல."

அவர் சாப்பிட்டுவிட்டுக் கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போனார்.

மூன்று பேரும் வந்தார்கள். அவள் நினைத்த மாதிரிதான் வந்தார்கள், இன்னும் மோசமாக. சர்மிளாவின் புத்தகப் பையை மதுரன் தோளில் மாட்டியிருந்தான். பிரேமினியின் கையில் ரோல்ஸ் பார்சல் இருந்தது. அதில் பாதியை அக்காவுக்கு என்று கொண்டுவந்து நீட்டினாள். பிறகு மூக்கைச் சுளித்தாள்.

"பொக போட்டீங்களாக்கா?"

"சாம்பிராணி. நேத்து வெள்ளிக்கெழம போட மறந்துட்டேன்."

வசம்பு வாசத்துக்கும் சாம்பிராணி வாசத்துக்கும் வித்தியாசம் தெரியாதவள் இல்லை பிரேமினி. ஆனால் புருஷன் வந்திருக்கிறான். அவள் கவனம் அங்கே இல்லை. மதுரன் தன் பயணப் பையைக் கொண்டுபோய் நடுச்சுவர் ஓரமாக வைத்தான். தேத்தண்ணி கேட்டான். ஒரு விஷயம் பேசணும், முக்கியமான விஷயம், ராத்திரி சாப்பிட்டுட்டுச் சொல்றேன் என்று அவன் சொன்னது சுவருக்கு மேலால் ஜீவராணிக்குத் தெளிவாகக் கேட்டது. சித்தப்பா இப்பவே சொல்லுங்க என்று சர்மிளா கெஞ்சினாள். நீயும் இருக்குற நேரத்துலதான் சொல்லுவேன் என்றான்.

என்ன விஷயம், அதில் தன் மகளுக்கு என்ன வேலை என்று ஜீவராணி யோசித்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் பிரேமினி போஞ்சி இலையைப் பறித்து வந்து கட்டிலுக்கு அடியில் பரப்பக் குனிந்தாள். அப்போதுதான் பார்த்திருக்கிறாள். அவள் போட்ட சத்தம் கேட்டு ஜீவராணி ஓடியபோது சர்மிளாவின் தலையணை ஓரத்தில் மூட்டைகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. சுவரில் இருந்தன. மதுரனின் பைமேல் மொய்த்திருந்தன, சுவர் ஓரமாக இருந்த பைமேல்தான் அதிகமாக.

பிரேமினி பையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"நீங்க தங்குற போர்டிங்கில இது இருக்கா?"

இல்லை என்றான். நம்பவில்லை அவள். அக்கா வீட்டுப் புகை அவள் நினைவுக்கே வரவில்லை. இத்தனை மாதம் இலையில் மாட்டிய ஒன்றிரண்டைத் தவிர ஒரு மூட்டையும் அண்டாத வீடு, இன்றைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பை வந்தது, பையில் மூட்டை. வேறு யார் கணக்குப் போட்டாலும் அப்படித்தான் வரும். பையைத் தூக்கிக்கொண்டு, லயம் முழுக்கத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு அவள் நடந்தாள். பின்னாலேயே வரச் சொன்னாள் அவனை. லயத்துப் பெண்கள் தண்ணி பிடிக்கிற நேரம். அங்கேயே கல்லடுப்பில் அண்டாவை வைத்து, பையிலிருந்த துணியை ஒவ்வொன்றாகக் கொதிநீரில் போட்டாள். சட்டையைக் கழற்றச் சொன்னாள். கொழும்பில் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு துணி அளக்கிற மதுரன், பனி இறங்கும் நேரத்தில் பனியனோடு பீலிக்கரையில் நின்றான்.

"கொழும்புல இருந்து பொண்டாட்டிக்கு உசிரோட பரிசு கொண்டாந்திருக்காரு" என்றாள் வேலாயி. குடங்களுக்கு நடுவே சிரிப்பு பரவியது.

"எந்தக் கட்டில்லங்க படுத்து எந்திரிச்சு வந்தீங்க?" என்று வேறொருத்தி கேட்டாள். அந்தக் கேள்வி மூட்டையைப் பற்றியது அல்ல. பிரேமினியின் முகம் அதைக் கேட்டதும் மாறிவிட்டது. அதுவரை வெறும் கோபமாக இருந்தது.

மதுரன் சிரிக்கவில்லை. சுற்றிப் பார்த்தான். கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றில் அவன் பார்வை நின்றது.

"அண்ணி, நீங்க சொல்லுங்க. இந்த வீட்டுக்கு நீங்க வந்தப்ப நான் ஸ்கூல் படிச்சுக்கிட்டிருந்தேன். என் துணிய நீங்கதான் தொவச்சீங்க. நான் அப்படி அழுக்கா இருக்குற ஆளா?"

எல்லாரும் ஜீவராணியைப் பார்த்தார்கள். பிரேமினியும் பார்த்தாள், இல்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்கிற மாதிரி. சர்மிளா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையை ஜீவராணி பார்த்தாள். சொல்ல வாய் திறந்தபோது வேறொன்றுதான் வந்தது.

"கொழும்புல எல்லா எடத்துலயும் இருக்குன்னுதான் சொல்றாங்க, தம்பி."

மதுரன் அவளையே பார்த்தான். பிறகு வெந்த துணிகளைப் பிழிந்து ஒரு ஷொப்பிங் பேக்கில் திணித்தான். ஈரச் சட்டையையே மாட்டிக்கொண்டான். பிரேமினி தடுக்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு அவன் இறங்கிப் போனதை லயமே நின்று பார்த்தது. ஒருமுறை கூட அவன் திரும்பவில்லை.

விளக்குப் போடும் நேரத்தில் சர்மிளா வந்தாள். தலையணை உறை ஈரமாக இருந்தது. சித்தி வேகவைத்துப் பிழிந்து கொடுத்திருக்கிறாள். அம்மாகிட்டயே படு, இங்க இனிமே கடிக்கும் என்று சித்தி அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து விஞ்ஞானப் புத்தகத்தை விரித்தாள். படிக்கவில்லை. அழுது முடித்த மூக்கு சிவந்திருந்தது.

ஜீவராணி அவளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். மெல்லியதாகத் தட்டினாள், பக்கத்து வீட்டில் தட்டுகிற மாதிரி. கை வலித்தது. மகள் பாதி தின்றுவிட்டுத் தட்டை ஒதுக்கி வைத்தாள். வீட்டுக்குள் ஒரு மூட்டை இல்லை. மகள் கட்டிலில் இருக்கிறாள். இவ்வளவு நாள் கேட்டது இதைத்தான். ஜீவராணி சுவரோரம் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

பிறகு வாசலில் காலடி கேட்டது. பிரேமினி மடியில் போஞ்சி இலையை அள்ளிக்கொண்டு நின்றாள். தன் வீட்டில் பரப்பியதுபோக மிச்சம் இல்லை. தோட்டத்தில் மறுபடி போய்ப் பறித்திருக்கிறாள், கால் முழுக்கச் சேறு.

"இன்னைக்கு ராத்திரி எங்க பக்கத்துலருந்து இங்கயும் வரும்க்கா. கட்டிலச் சுத்திப் போட்டு வைங்க. அடிப்பக்கம் மேல இருக்கணும். பிள்ளைக்கு மறுபடி கடிக்கக் கூடாது."

ஜீவராணி முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள்.

"ஏதோ பேசணும்னு வந்தாருக்கா" என்றாள் பிரேமினி. "என்னான்னு கூடக் கேக்கல நான். போன் போட்டேன், எடுக்க மாட்டேங்கிறாரு." மடியில் ஒட்டியிருந்த ஒரு இலையைப் பிய்த்தெடுத்தாள். "நீங்க சொன்னதும்தான் எனக்கு நிச்சயமாச்சு. இல்லாட்டி ஒருவேள விட்டிருப்பேன்."

பழி சொல்லவில்லை அவள். நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு, இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு தன் வாசலுக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அம்மா" என்றாள் சர்மிளா, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "சித்தப்பா மறுபடி வருவாருல்ல?"

ஜீவராணி குனிந்து ஒவ்வொரு இலையாகப் புரட்டித் தரையில் வைத்தாள்.

யாருக்கு என்ன தர வேண்டும் என்பது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. பீலிக்கரையில், அதே பெண்கள் குடத்தோடு நிற்கும்போது, மூட்டையை அனுப்பியது நான்தான் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தனியாக, காதோடு சொன்னால் செல்லாது. மதுரனுக்கு அந்தச் சொல் பாக்கி. பிரேமினிக்கும் பாக்கி. அதை அவள் இன்னும் கொடுக்கவில்லை.